40 வாட் பல்பு 100 வாட்டை முந்தும் இடம்

ஒரு பலகையில் இரண்டு ஹோல்டர்களை முடுக்குங்கள். ஒன்றில் 40 வாட் குண்டு பல்பு, மற்றொன்றில் 100 வாட். மின்சாரம் வரும் ஃபேஸ் கம்பி முதல் பல்புக்குள் போய், அதிலிருந்து இரண்டாவது பல்புக்குள் போய், அங்கிருந்து நியூட்ரலுக்குத் திரும்பட்டும். சுவிட்சைப் போட்டால் 40 வாட் பல்பு சற்றே குறைந்து, நல்ல வெளிச்சமாகவே எரியும். 100 வாட் பல்பின் இழை மட்டும் மங்கலாகச் சிவந்து நிற்கும்.

பல்பின் மேல் அச்சிட்டிருக்கும் வாட் என்பது 230 வோல்ட் முழுதாகக் கிடைத்தால் மட்டுமே செல்லுபடியாகும் எண். 100 வாட் பல்பின் இழை தடிமனானது. எரியும்போது அதன் மின்தடை 529 ஓம். 40 வாட்டின் இழை மெல்லியது. அதன் தடை 1322 ஓம். தொடராக இணைத்தால் இரண்டிலும் ஒரே மின்னோட்டம்தான் போக முடியும். ஆகவே தடை அதிகமுள்ள பல்பே அதிக வோல்ட்டைத் தன் பக்கம் எடுத்துக்கொள்கிறது, அதிக வாட்டையும் எரிக்கிறது.

இந்த ஓம் கணக்கை அப்படியே போட்டால் 40 வாட்டுக்கு 164 வோல்ட், 100 வாட்டுக்கு 66 வோல்ட் என்று வரும். மீட்டரை வைத்து அளந்தாலோ ஏறத்தாழ 190, 40 என்று காட்டும். டங்ஸ்டன் இழை சூடாகச் சூடாகத் தடை கூடும் என்பதே காரணம். அணைந்து ஆறிய 100 வாட் பல்பை மல்டிமீட்டரில் வைத்தால் 40 ஓம் அளவில்தான் காட்டும். எரியும்போது அதுவே பன்னிரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிடும். தொடரில் மாட்டிய 100 வாட் இழை அதிகம் சூடேறாமல் கிடப்பதால் அதன் தடை இன்னும் இறங்கி, வோல்ட்டை இன்னும் 40 வாட் பக்கம் தள்ளிவிடுகிறது. பழைய பல்பு பெரும்பாலும் சுவிட்சைப் போட்ட கணத்தில் ஃபியூஸ் போவதும் இதனால்தான்: குளிர்ந்த இழையில் பாயும் முதல் வீச்சு, இழை தேய்ந்து மெலிந்த இடத்தை உருக்கிவிடுகிறது.

செங்கோட்டை, தென்காசிப் பக்கம் மிக்ஸி, அயர்ன் பாக்ஸ் பழுது பார்க்கும் எந்தக் கடையிலும் பழுதைச் சோதிக்க ஒரு சீரிஸ் லாம்ப் பலகை இருக்கும். ஒரு ஹோல்டர், ஒரு சாக்கெட், ஒரு பிளக் போதும். பல்பு ஃபேஸ் கம்பியில், சாக்கெட்டுக்கு முன்னால் தொடராக வர வேண்டும். சாக்கெட்டில் மாட்டிய சாமான் ஷார்ட் ஆகியிருந்தால் பல்பு முழுதாக எரியும். உள்ளே கம்பி அறுந்திருந்தால் எரியவே எரியாது. புதிதாகத் தொழில் கற்பவர்கள் ஏமாறுவது அயர்ன் பாக்ஸில். 750 வாட் அயர்ன் பாக்ஸின் தடை வெறும் 70 ஓம். 100 வாட் பல்போடு தொடரில் வந்தால் பல்புக்கு 200 வோல்ட்டுக்கு மேல் கிடைத்துவிடும். பார்த்தவுடன் ஷார்ட் என்றே தோன்றும். அங்கே 200 வாட் பல்பை மாட்டினால் வெளிச்சம் பாதியாகக் குறையும், வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். எல்ஈடி பல்பு இந்த வேலைக்கு ஆகாது. உள்ளே இருக்கும் டிரைவர் என்ற மின்சுற்று, வோல்ட் குறைந்தாலும் வெளிச்சத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும்.

ஐயப்ப சீசனில் புளியரை தொடங்கி மலை ஏறும் சாலையோரக் கடைகளில் தொங்கும் சீரியல் செட்டும் இதே தொடர்தான். மலைக்கு அந்தப் பக்கம் மாலபல்பு என்பார்கள். 6 வோல்ட் குட்டி பல்பு 38 சேர்ந்தால் 230 வோல்ட்டுக்குச் சரியாக இருக்கும். ஒன்று போனால் சரமே அணையும். போன பல்பை எடுத்துவிட்டுக் கம்பியை முறுக்கிவிடுவது வழக்கம். இதில்தான் கவனம் வேண்டும். இப்படி ஐந்து பல்பைக் கழித்தால் மிச்சம் 33-க்கும் தலா 7 வோல்ட் போகும். 15 சதவீதம் வோல்ட் கூடினால் பல்பின் ஆயுள் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகிவிடும். பிறகு வரிசையாகப் போய்க்கொண்டே இருக்கும். இன்னொன்று: 6 வோல்ட் பல்புதானே என்று அறுந்த இரண்டு முனைகளையும் வெறுங்கையால் பிடிக்கக் கூடாது. மின்னோட்டம் இல்லாத சரத்தில் வோல்ட் எங்கும் இறங்குவதில்லை. அந்த இடைவெளியில் முழு 230 வோல்ட்டும் நிற்கும்.

இதே விதி தெருவையே எரிப்பது நியூட்ரல் அறுந்தால். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று கம்பிகளை இரவு பகலாக ஆட்டும். கம்பத்தில் நியூட்ரல் இணைப்பு தளர்ந்துவிட்டால், வேறு வேறு ஃபேஸில் இருக்கும் இரண்டு வீடுகள், அந்த இரண்டு ஃபேஸ்களுக்கு இடையே உள்ள 400 வோல்ட்டுக்கு நடுவே தொடராகிவிடும். ஒரு வீட்டில் 40 வாட் பல்பு மட்டும் எரிகிறது, எதிர்வீட்டில் 750 வாட் அயர்ன் பாக்ஸ் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வீட்டுக்கு ஏறத்தாழ 380 வோல்ட் போகும். குறைவாகச் செலவழிக்கும் வீடுதான் அடி வாங்கும். ஓடுகிற மின்னோட்டம் சொற்பம் என்பதால் ஃபியூஸும் போகாது, மின்னோட்டம் மீறினால் தானே அணையும் எம்சிபி சுவிட்சும் இறங்காது. டிவி, செல்போன் சார்ஜர் எல்லாம் கருகிய பிறகுதான் தெரியும்.

“அண்ணாச்சி, எதிர்வீட்டுல மோட்டார் போட்டா எங்க வீட்டு பல்பு பளிச்சுன்னு எரியுது” என்று யாராவது சொன்னால் அது நியூட்ரலேதான். அந்த நிமிடமே மெயின் சுவிட்சை அணைக்கச் சொல்லிவிட்டு லைன்மேனைக் கூப்பிட வேண்டும். கம்பத்தில் ஏறுவது அவருடைய வேலை மட்டுமே.

அவர் கொண்டுவரும் டெஸ்ட் லாம்ப்பைக் கவனித்துப் பாருங்கள். அதில் ஒன்றல்ல, இரண்டு பல்புகள் தொடராக இருக்கும். ஒற்றைப் பல்பை 400 வோல்ட்டில் வைத்தால் கையிலேயே வெடித்துவிடும். இரண்டும் ஒரே வாட்டாக இருந்தால்தான் தலா 200 வோல்ட்டாகப் பங்கு போடும். 40 வாட்டோடு 100 வாட்டைச் சேர்த்தால் 40 வாட்டுக்கு 330 வோல்ட்டுக்கு மேல் போய்விடும்.