குப்பை ஆலையின் திறனைத் தொட்டியே தீர்மானிக்கிறது

சமையலறைக் கழிவின் எடையில் ஏறத்தாழ 70 சதவீதம் தண்ணீர்தான். அது செய்தித்தாளோடு ஒரே தொட்டியில் சேரும்போது தாள் ஈரத்தை உறிஞ்சி ஊறிப்போகிறது. அதன்பின் காகித ஆலைக்கு அது உதவாது. அதே தொட்டியில் உடைந்த கண்ணாடியும் தீர்ந்துபோன பேட்டரியும் விழுந்தால், உரமாகியிருக்க வேண்டிய காய்கறித் தோலும் வீணாகிவிடுகிறது. கலந்துவிட்ட குப்பையைப் பிரிக்கச் சுழலும் சல்லடை, காந்தம், காற்றூதி என்று பல இயந்திரங்கள் தேவைப்படுகின்றன; அப்போதும் இழந்த தரம் முழுமையாகத் திரும்புவதில்லை. திடக்கழிவின் மீது உள்ளாட்சிக்கு ஏன் அதிகாரம் வேண்டும் என்ற கேள்விக்கான விடை இங்கேதான் தொடங்குகிறது.

உரக்குவியல் ஒன்றை அருகில் நின்று பார்த்தால் இது தெளிவாகும். முறையாக அடுக்கிய மக்கும் கழிவில் நுண்ணுயிரிகள் பெருகத் தொடங்கிய சில நாட்களிலேயே குவியலின் நடுப்பகுதி 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை சூடேறுகிறது. கிளறினால் ஆவி பறக்கும். அந்தச் சூட்டை யாரும் வெளியிலிருந்து ஊட்டுவதில்லை. கரிமப் பொருளைச் சிதைக்கும் நுண்ணுயிரிகள் வெளிவிடும் ஆற்றலே அது, நோய்க்கிருமிகளையும் களை விதைகளையும் அழிப்பதும் அதுவே. இந்த வேலை சீராக நடக்க, நைட்ரஜனைப் போல 25 முதல் 30 மடங்கு கார்பனும், பாதிக்குச் சற்று மேலான ஈரமும், போதிய காற்றோட்டமும் வேண்டும். இடையே பாலித்தீன் சிக்கிக்கொண்டால் காற்றுப் புகாத இடங்கள் உருவாகி, அங்கே கழிவு அழுகி நாறுகிறது. இதைவிடப் பெரிய கேடு கண்ணுக்குத் தெரியாதது. பேட்டரியிலிருந்து கசியும் கன உலோகங்களை எந்த நுண்ணுயிரியாலும் சிதைக்க முடியாது. கழிவு மக்கி எடை குறையக் குறைய, எஞ்சும் உரத்தில் அவற்றின் செறிவு கூடுகிறது. உரத்தைக் கையில் அள்ளும் விவசாயி கண்ணாடிச் சில்லைக் கண்டுவிட்டால் மறுமுறை வாங்கத் தயங்குவார்.

எரிஉலையும் கலவைக்குக் கட்டுப்பட்டதுதான். கிலோவுக்கு ஏறத்தாழ 7 மெகாஜூல் வெப்பம் தரும் கழிவே துணை எரிபொருள் இல்லாமல் நின்று எரியும். ஈரம் கூடினால் வெப்பத்தின் பெரும்பங்கு நீரை ஆவியாக்கவே செலவாகிறது. எல்லாவற்றையும் கிடங்கில் கொட்டினாலோ, காற்றில்லாத அடியடுக்கில் மக்கும் கழிவு அழுகி மீத்தேனை வெளிவிடுகிறது. நூறாண்டுக் கணக்கில், அதே எடையுள்ள கார்பன் டை ஆக்சைடைவிட 25 மடங்குக்கும் மேலாகப் புவியைச் சூடேற்றும் வாயு அது.

எனவே, எந்த ஆலையின் திறனும் வீட்டுவாசலில்தான் முடிவாகிறது. அந்த வாசல்வரை எட்டும் அதிகாரம் பெரும்பாலும் உள்ளாட்சியிடமே இருக்கிறது. 1883-84இல் பாரிஸ் நகரை உள்ளடக்கிய செய்ன் மாவட்டத்தின் ஆட்சியர் யூஜின் பூபெல், வீட்டு உரிமையாளர்கள் குப்பைக்கலம் வைத்தாக வேண்டும் என்று ஆணையிட்டார். மக்குபவை ஒன்றில், தாளும் துணியும் இன்னொன்றில், கண்ணாடி, பீங்கான், சிப்பி ஓடு ஆகியவை மூன்றாவதில் என்று பிரிக்கவும் சொன்னார். ஆனால் ஆணை மட்டும் போதாது, கட்டணமும் அதோடு கைகோக்க வேண்டும் என்பதைத் தென்கொரியா காட்டுகிறது. அங்கே 1995 முதல், பொதுக் குப்பையை உள்ளாட்சிகள் விலை வைத்து விற்கும் பைகளில்தான் போட வேண்டும். மறுசுழற்சிக்குரியவற்றுக்கு அந்தக் கட்டணம் இல்லை. 2005இல் உணவுக் கழிவை நேரடியாகக் கிடங்கில் கொட்டுவதும் தடைசெய்யப்பட்டது. பிரிப்பவருக்குச் செலவு குறைகிறது என்பதை ஒவ்வொரு வீடும் உடனே உணரும் ஏற்பாடு இது. அபராதத்தைவிட இதையே நான் நம்புகிறேன்.

கலவையைப் போலவே அளவும் முக்கியம். ஆலை கட்டும் செலவு பல ஆண்டுகளில் மீள வேண்டுமானால், நாள்தோறும் போதிய குப்பை வந்துசேர வேண்டும். அதற்காக நியூயார்க் மாநிலத்தின் கிளார்க்ஸ்டவுன் நகரம், ஊரின் திடக்கழிவு முழுவதும் குறிப்பிட்ட ஒரு நிலையத்தின் வழியாகவே செல்ல வேண்டும் என்று விதித்தது. தனியார் ஒப்பந்ததாரர் நடத்திய அந்த நிலையத்துக்கு ஆண்டுக்கு 1,20,000 டன் வரும் என்றும் உறுதியளித்திருந்தது. மாநிலங்களுக்கிடையேயான வணிகத்துக்கு அது தடை என்று கூறி, 1994இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவ்விதியை ரத்து செய்தது. அதே நீதிமன்றம் 2007இல், அதே மாநிலத்தின் ஒனைடா, ஹெர்கிமர் மாவட்டங்களின் இத்தகைய விதியை ஏற்றுக்கொண்டது. அங்கே ஆலைகளின் உரிமை பொது அமைப்பிடம் இருந்தது என்பதே தீர்ப்பு மாறியதற்கு முக்கியக் காரணம்.

உரிமை யாரிடம் இருந்தாலும், குறைந்தபட்ச அளவுக்கான உத்தரவாதத்தில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. மக்கள் நன்றாகப் பிரித்து, உரமாக்கி, குப்பையைக் குறைத்தால் ஆலைக்கு வரும் டன் குறைகிறது. உறுதியளித்த அளவு வராததற்காக ஊரே ஈடு செலுத்த வேண்டியிருக்கும். இருபது, முப்பது ஆண்டுகளுக்குக் கையெழுத்திடும் முன்பே, உத்தரவாத அளவு படிப்படியாகக் குறையும் என்ற விதியை ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும். உலையின் கொள்ளளவையும் இன்றைய மொத்தக் குப்பையைக் கொண்டு கணக்கிடாமல், பிரித்தபின் எஞ்சுவதைக் கொண்டே முடிவுசெய்ய வேண்டும்.