மகளுக்கு எழுதினால் மகனுக்குப் போய்ச் சேருமா?

ஆளையும் ஊரையும் மாற்றிச் சொல்கிறேன். ஹட்டன் பக்கம் முப்பது வருஷம் கொழுந்து பறித்த ஒரு அம்மா வந்திருந்தார். சேமலாப நிதிக் காசில் வாங்கிய பத்து பேர்ச் காணியின் உறுதியை ஷொப்பிங் பேக்கில் சுற்றி மடியிலேயே வைத்திருந்தார்.

"சேர், மூத்தவ பேருக்கு எழுதிருங்க. தம்பிய அவ பாத்துக்குவா."

தம்பிக்கு இருபத்தாறு வயது. பிறவியிலிருந்தே தானாகச் சாப்பிட முடியாதவர்.

நன்கொடை உறுதி எழுதுவது நொத்தாரிசான எனக்கு அரை நாள் வேலை. ஆனாலும் எழுதவில்லை. மகள் பேருக்கு மாறிவிட்டால் காணி மகளுடையதுதான். மகள் தங்கமானவர், சரி. அவருக்கே ஏதாவது ஆகிவிட்டால்? மரண சாசனம் இல்லாமல் இறந்தால், 1876ஆம் ஆண்டின் மரபுரிமைக் கட்டளைச் சட்டப்படி பாதி அவர் கணவருக்கு, மறுபாதி பிள்ளைகளுக்கு. தம்பிக்கு ஒரு அடிகூட இல்லை.

இதற்குத்தான் 'நம்பிக்கைப் பொறுப்பு' இருக்கிறது. நம் பேச்சில் ட்ரஸ்ட். 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இதைச் சொல்கிறது. காணி மகள் பேரில் இருக்கும், பலன் தம்பிக்கு. மகள் வெறும் பொறுப்பாளர், கணக்கு வைக்க வேண்டும். அவருடைய வாரிசுகள் அதைப் பங்கு போட முடியாது. காணி என்றால் வாய்ப்பேச்சு போதாது, நொத்தாரிசு உறுதியிலோ மரண சாசனத்திலோ எழுதியிருக்க வேண்டும்.

உறுதியில் எழுதினால் உடனே நடைமுறைக்கு வரும். ரத்துச் செய்யும் உரிமையை அதிலேயே எழுதிக்கொள்ளாவிட்டால் பிறகு மனம் மாறினாலும் கஷ்டம். மரண சாசனத்தை உயிரோடு இருக்கும்வரை மாற்றலாம். நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும், இல்லாவிட்டால் ஐந்து சாட்சிகள் வேண்டும். அம்மா மரண சாசனத்தைத்தான் கேட்டார். அதில் எழுதச் சொன்னது இதுதான்: காணியில் உள்ள வீட்டின் முன்னறை வாடகை தம்பியின் செலவுக்கு, அவர் இருக்கும்வரை விற்கக்கூடாது, பிறகு பேரப்பிள்ளைகளுக்கு.

"மகளுக்கு அப்புறம் யார் பொறுப்பு?" என்று கேட்டேன். கொழுந்துக் கறை படிந்த விரல்களைப் பார்த்தபடி வெகுநேரம் பேசாமல் இருந்தார். அன்று பதில் வரவில்லை. அடுத்த வாரம் தங்கை மகனையே கூட்டிக்கொண்டு வந்தார்.

கோயில், வாசிகசாலைக் காணிகளுக்குத் தரும ட்ரஸ்ட் என்று தனியாக ஒன்று உண்டு. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன். தோட்டத்து லயத்து அறையை ட்ரஸ்ட்டில் வைக்கலாமா என்றும் கேட்கிறார்கள். உங்கள் பேரில் உரிமை இல்லாத இடத்தை வைக்க முடியாது.

நம் மலையகத்தில் அதிகம் வழக்காவது எழுதாத ட்ரஸ்ட்தான். குவைத்திலிருந்து அக்கா காசு அனுப்புவார், தம்பி தன் பேரில் காணி வாங்குவார். காசு கொடுத்தவருக்கே பலன் என்று அதே சட்டத்தின் 84ஆம் பிரிவில் வாதாடலாம். கடனுக்கு ஈடாக 'சும்மா ஒரு பேச்சுக்கு' அறுதி உறுதி, அதாவது முழுதாக விற்றதாகச் சொல்லும் உறுதி, எழுதிக் கொடுத்தவருக்கு 83ஆம் பிரிவு இருக்கிறது. அவர் தொடர்ந்து அங்கேயே குடியிருந்தாரா, விலை அடிமாட்டு விலையா என்றெல்லாம் நீதிமன்றம் பார்க்கும். ஆனால் நிரூபிக்க வருஷக்கணக்காகும். வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பிய துண்டுகளை பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருப்பீர்கள். வீடு வெள்ளையடிக்கும்போது அவற்றை எறிந்துவிடாதீர்கள்.