போர்ஷே 917: வால் செய்த வினை

1969 மார்ச்சில் ஜெனீவா கார் கண்காட்சியில் போர்ஷே நிறுவனத்தின் பந்தயக் கார் 917 அறிமுகமானது. 4.5 லிட்டர் எஞ்சின், 500 குதிரைத்திறனுக்கு மேல் ஆற்றல், சுமார் 800 கிலோ எடை. காகிதத்தில் அதற்குப் போட்டியே இல்லை. ஆனால் போர்ஷேயின் சொந்த ஓட்டுநர்களே அதில் ஏறத் தயங்கினார்கள். நேர்ச்சாலையில் வேகம் கூடக்கூட வண்டி பக்கவாட்டில் அலைபாய்ந்தது.

அன்றைய விதிப்படி, பந்தயத்துக்கென்றே கட்டும் முன்மாதிரிக் கார்களுக்கு 3 லிட்டர் எஞ்சின்தான் வரம்பு. 5 லிட்டர் வரை போக வேண்டுமானால் 25 வண்டிகள் கட்டி 'ஸ்போர்ட்ஸ் கார்' என்று பதிவு செய்யலாம். பொறியாளர் ஃபெர்டினாண்ட் பியெஹ் தலைமையில் போர்ஷே 25 வண்டிகளையும் கட்டி, ஏப்ரலில் ஆலை முற்றத்தில் வரிசையாக நிறுத்திக் காட்டியது. பெயர்தான் ஸ்போர்ட்ஸ் கார். உள்ளே இருந்தது அப்பட்டமான முன்மாதிரி.

எஞ்சினை வடிவமைத்தவர் ஹான்ஸ் மெட்ஸ்கர். பக்கத்துக்கு ஆறாகப் படுத்த 12 சிலிண்டர்கள். இவ்வளவு நீளமான கிராங்க்ஷாஃப்ட்டின் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டின்) ஒரு முனையிலிருந்து ஆற்றலை எடுத்தால், தண்டு முறுகி அதிரும். அந்த அதிர்வு ஒரு கட்டத்தில் தண்டையே முறித்துவிடும். மெட்ஸ்கர் தண்டின் நடுவில் பல்சக்கரம் வைத்து அங்கிருந்து ஆற்றலை எடுத்தார். அதனால் ஒரு நீளத் தண்டு, முறுக்கத்தைப் பொறுத்தவரை இரண்டு குட்டைத் தண்டுகளாக நடந்துகொண்டது. குளிர்விப்பு காற்றால்தான்: எஞ்சின் மேல் கிடைமட்டமாகச் சுழலும் பெரிய விசிறி.

சேசிஸ், அலுமினியக் குழாய்களைப் பற்றவைத்த கூடு. எடை 50 கிலோவுக்கும் குறைவு. இவ்வளவு மெலிந்த குழாய்களில் பற்றவைப்பு விரிசல் விட்டால் கண்ணுக்குத் தெரியாது. அதற்குக் குழாய்களுக்குள் அழுத்தத்தில் வாயு நிரப்பினார்கள். அழுத்தமானி முள் இறங்கினால் எங்கோ விரிசல் என்று பொருள். எளிமையான, மலிவான, நம்பகமான சோதனை. அதைப் பார்த்துக்கொண்டே 300 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுவது வேறு கதை.

அலைபாய்தலுக்கு வருவோம். முதலில் சந்தேகப்பட்டது சஸ்பென்ஷனை. குற்றவாளியோ வால். நேர்ச்சாலை வேகத்துக்காக அதை நீளமாக, பின்னோக்கிச் சரியும்படி வளைத்திருந்தார்கள். இப்படி வளைந்து இறங்கும் பரப்பின் மேல் காற்றழுத்தம் குறைந்து, வண்டியின் பின்பகுதி மேலே இழுக்கப்படும். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும்: 150 கி.மீ. வேகத்தில் இருப்பதைப் போல நான்கு மடங்கு 300இல். டயர் தரையை அழுத்தும் பாரம் குறைந்தால் பிடிமானமும் போயிற்று. வால் நுனியில் சஸ்பென்ஷனோடு இணைத்த அசையும் மடல்கள் இருந்தும் பிரச்சினை தீரவில்லை.

1969 அக்டோபரில் ஆஸ்திரியாவின் ஆஸ்டெர்ரைக்ரிங் தடத்தில் ஜான் வயரின் பந்தய அணி போர்ஷேயோடு சேர்ந்து சோதனை நடத்தியது. அணியின் பொறியாளர் ஜான் ஹார்ஸ்மன் ஒன்றைக் கவனித்தார். வண்டியின் முன்புறமெல்லாம் செத்த பூச்சிகள் அப்பியிருந்தன. வாலின் நுனி மட்டும் துடைத்தாற்போல் இருந்தது. காற்று அங்கே படவே இல்லை! படாத காற்றை எந்த மடல் திருப்பும்?

அங்கேயே அலுமினியத் தகடுகளை வெட்டி, டேப் ஒட்டி, வாலை உயர்த்திக் குட்டையாக்கினார்கள். இப்போது காற்று வாலின் மேல் மோதி அதைக் கீழே அழுத்தியது. சுற்று நேரம் உடனே இறங்கியது. ஓட்டுநர்களின் புகாரும் நின்றது. இதுதான் 917கே; 'கே' ஜெர்மன் மொழியில் குட்டைவாலைக் குறிக்கும்.

இதற்கு விலை உண்டு. உயர்ந்த வால் கூடுதல் காற்றுத்தடை. உச்ச வேகம் குறையும். பிரான்சில் 24 மணி நேரப் பந்தயம் நடக்கும் லெ மான் தடத்தில் அப்போது சுமார் 6 கிலோமீட்டர் தடையற்ற நேர்ச்சாலை இருந்ததால், அங்கே மட்டும் திருத்திய நீளவால் வண்டிகளையும் போர்ஷே இறக்கியது. 1971இல் அவை 380 கிலோமீட்டரைத் தாண்டின. ஆனால் இரு ஆண்டுகளிலும் வென்றது குட்டைவால்தான்: 1970இல் ஹெர்மன், அட்வுட் இணை, 1971இல் மக்னீசியச் சேசிஸ் வண்டியில் மார்கோ, வான் லென்னெப் இணை. பின்னவர்கள் 24 மணி நேரத்தில் ஓடிய 5,335 கிலோமீட்டர் 2010 வரை முறியவில்லை. 1972 முதல் 5 லிட்டர் சலுகை போய், 3 லிட்டர் வரம்பு 917ஐ உலக சாம்பியன்ஷிப்பிலிருந்து வெளியேற்றியது. 1990இல் லெ மானின் அந்த நேர்ச்சாலையின் குறுக்கே இரண்டு வளைவுத் தடுப்புகளும் வந்துவிட்டன.