ஆபெல் தொகையீடும் அதன் பூச்சியங்களும்

நார்வே நாட்டுக் கணித அறிஞர் நீல்ஸ் ஹென்ரிக் ஆபெல் (1802–1829) பெயரால் வழங்கும் ‘ஆபெல் தொகையீடு’ (Abelian integral) என்னும் சொல்லுக்கு இன்று நெருங்கிய இரண்டு பொருள்கள் உண்டு. அவர் 1826இல் பாரிசு அறிவியல் கழகத்திடம் அளித்து, 1841இல்தான் அச்சேறிய ஆய்வுரையில், பல்லுறுப்புக் கோவைச் சமன்பாடு ஒன்றால் பிணைந்த இரு மாறிகளின் விகிதமுறு சார்புகளைத் தொகையிடுவதை ஆராய்ந்தார். அங்கே மாறுவது தொகையீட்டின் மேல் எல்லை. பூச்சியங்களை, அதாவது தொகையீடு சுழியாகும் இடங்களை, எண்ணுவோரோ, இரு மாறிப் பல்லுறுப்புக் கோவை ஒன்று மாறா மதிப்புடன் இருக்கும் மூடிய வளைகோட்டின் வழியே தொகையிட்டு, அந்த மதிப்பையே மாறியாகக் கொள்கின்றனர். வளைகோட்டுக்கு வளைகோடு விடை வேறுபடுவதால், தொகையீடே ஒரு சார்பாகிவிடுகிறது.

தானாகவே அலைவைத் தாங்கி நிற்கும் அமைப்பான வாண்டெர்போல் அலையியற்றியில் (Van der Pol oscillator) இதன் பயன் தெளிவாகும். தணிப்பு மிகச் சிறிதாயின் பாதைகள் ஏறக்குறைய வட்டங்களே. ஒரு சுற்றில் ஆற்றல் அடையும் மாற்றத்தை அவ்வட்டத்தின் வழியான தொகையீடே தருகிறது; அது ஆரத்தின் வர்க்கத்திலிருந்து அதன் நான்காம் படியின் கால் பங்கைக் கழித்து வருவதற்கு நேர்விகிதத்தில் அமையும். ஆரம் 2 ஆகும்போது இது பூச்சியமாகிறது. 2க்குக் குறைந்தால் ஆற்றல் கூடும், மிகுந்தால் குறையும். எனவே அலைவு அவ்வட்டத்தருகே நிலைபெறுகிறது. இவ்வாறு தனித்து நிற்கும் மூடிய பாதையை எல்லைச் சுழல் (limit cycle) எனலாம்.

பல்லுறுப்புக் கோவைகளால் அமைந்த சமதள வகைக்கெழுச் சமன்பாடுகளுக்கு எல்லைச் சுழல்கள் எத்தனை இருக்கக்கூடும் என்பது 1900இல் ஜெர்மானியக் கணித அறிஞர் ஹில்பர்ட் முன்வைத்த 16ஆம் சிக்கலின் இரண்டாம் பகுதி. இருபடிக் கோவைகளுக்குக்கூட இன்னும் விடையில்லை. அதை எளிதாக்கி, தொகையீட்டின் பூச்சியங்களை மட்டும் எண்ணுமாறு உருசியக் கணித அறிஞர் அர்னோல்டு கேட்டார். படியை மட்டும் சார்ந்த வரம்பு உண்டென்று வார்ச்செங்கோவும் கோவான்ஸ்கியும் 1984இல் நிறுவினர்; பின்யமினி, நோவிக்கோவ், யாக்கவெங்கோ மூவரும் 2010இல் வெளிப்படையான வரம்பைத் தந்தனர். அது அடுக்கின்மேல் அடுக்காக வளர்வதால், உண்மை எண்ணிக்கையிலிருந்து வெகுதொலைவில் இருக்கும் என்றே தோன்றுகிறது.

இனி, சொல்லாட்சி பற்றி: தமிழில் ‘தொகை’ பணத்தையும் குறிப்பதால், ‘ஆபெல் தொகை’ என்பதைவிட ‘ஆபெல் தொகையீடு’ என்பதே பொருந்தும். ‘பூச்சியம்’ என்பதை ‘மூலம்’ என மாற்ற வேண்டியதில்லை. பாடநூல் மரபில் கோவைக்குப் பூச்சியமும் சமன்பாட்டுக்கு மூலமும் உரியன. பள்ளி நூல்களில் வந்த ‘எபீலியன் குலம்’ (Abelian group) ஆபெலின் பெயரையே தாங்கினும், அங்கே அச்சொல் பரிமாற்றுப் பண்பைச் சுட்டுகிறது.