பிளேபுக்: வியூக நூலா, ஆட்டமுறை ஏடா?

அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில், பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்கக் கால்பந்துக் குழுவில் சேரும் மாணவனுக்கு அறிவுரை கூறும் தமிழாக்கங்களில், 'பிளேபுக்' என்பதை அப்படியே பெயர்த்து, "முதலில் விளையாட்டுப் புத்தகத்தை மனப்பாடம் செய்" என்று எழுதும் வரியைக் கண்டு கண்டு சலித்துவிட்டது. அதைப் படிக்கும் தமிழ்த் தாய், மகனுக்கு ஏதோ வண்ணம் தீட்டும் புத்தகம் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தால் பிழை அவருடையதன்று.

ஆங்கிலத்தில் 'பிளே' நாடகத்தையும் குறிக்கும், ஆட்டத்தையும் குறிக்கும். 'பிளேபுக்' சேக்சுபியர் காலத்தில் அச்சிட்ட நாடக நூலுக்குப் பெயராக இருந்து, பின்னர் ஆடுகளத்துக்கு வந்த சொல். அமெரிக்கக் கால்பந்தில் 'பிளே' என்பது முழு ஆட்டமன்று. பந்து ஒருமுறை கிளம்பி ஓயும் வரை 11 பேரும் செய்யவேண்டியதை முன்கூட்டியே வகுத்துவைத்த ஒரு செயல். இத்தகைய செயல்களின் தொகுப்பே பிளேபுக். 1932 முதல் 1940 வரை ஒகையோ மாநிலத்தின் மாசிலன் நகரில் உயர்நிலைப் பள்ளிக் குழுவைப் பயிற்றுவித்துப் பின்னர்த் தொழில்முறை ஆட்டத்துக்குச் சென்ற பால் பிரவுன், ஆட்டக்காரர்களை வகுப்பறையில் அமர்த்தி இதைப் பாடமாகவே நடத்தி, எழுத்துத் தேர்வும் வைத்தவர்.

'விளையாட்டுப் புத்தகம்' அறியாமையால் வந்தது என்று விட்டுவிடலாம். அறிந்தவர்கள் விரும்பும் 'வியூக நூல்' என்பதோடுதான் எனக்கு வழக்கு. அது வடசொல் என்பதற்காக நான் மறுக்கவில்லை. வியூகம் என்பது படை நிற்கும் அமைப்பு, தமிழில் அணிவகுப்பு. கால்பந்திலும் நிற்கும் அமைப்புக்குத் தனிப் பெயர் உண்டு. பந்தைக் கையாள்பவருக்குப் பின்னால் இருவர் ஒரே கோட்டில் நிற்கும் 'ஐ' அமைப்பை எடுத்துக்கொள்வோம். அதே அமைப்பிலிருந்து, 3 என்ற எண் பெற்ற பின்வரிசைக்காரர், முன்வரிசையில் நிற்பவர்களுக்கு இடையே 4 என்ற எண் கொண்ட இடைவெளியில் பந்தோடு புகும் '34' என்ற செயலும் பிறக்கும். பந்தை அவர் கையில் கொடுப்பதுபோல் போக்குக்காட்டி, நெடுந்தொலைவு எறியும் செயலும் பிறக்கும். பல குழுக்களில் இரட்டை எண்கள் வலப்புற இடைவெளிகளைக் குறிக்கும். அதை அறியாத மாணவன் நிற்கவேண்டிய இடத்தில் சரியாக நின்று, தடுக்கக் கூடாத ஆளைத் தடுப்பான். எங்கே நிற்பது, பந்து எந்தக் குரலில் கிளம்பும், யாரைத் தடுப்பது, எத்தனை அடி ஓடித் திரும்புவது, பக்கத்தில் நிற்பவனுக்கு என்ன வேலை என்று அவன் கற்கவேண்டிய ஐந்தில் வியூகம் முதல் ஒன்றை மட்டும் சொல்கிறது. அபிமன்யுவுக்குக்கூட வியூகத்தில் பாதி தெரிந்திருந்தது. இந்தப் பெயரை நம்பிப் படிப்பவனுக்கு அதுவும் தேறாது. கம்பீரமாக ஒலித்தால் போதும், பொருள் தானே வந்து ஒட்டிக்கொள்ளும் என்று நம் மொழிபெயர்ப்பாளர்கள் நினைக்கிறார்கள். தேர்தல், வணிகம், கிரிக்கெட் எல்லாவற்றுக்கும் வியூகம் வகுத்து வகுத்து அந்தச் சொல்லே தேய்ந்துவிட்டது.

என் பரிந்துரை 'ஆட்டமுறை ஏடு'. முறை என்றால் ஒழுங்கு. 'இது உன் முறை' என்னும்போது வாய்ப்பும் ஆகும். 10 கெஜம் முன்னேற நான்கு வாய்ப்புகள் தந்து, வாய்ப்புக்கு ஒரு செயல் என்று நடக்கும் ஆட்டத்துக்கு இரு பொருளும் பொருந்துகின்றன. ஏடு என்றதற்குக் காரணம், பயிற்றுநர் எதிரணிக்கு ஏற்பத் தாள்களைச் சேர்ப்பதும் எடுப்பதுமாக இருப்பார். நூல் என்றால் எழுதி முடித்ததாகத் தோன்றும். இப்போது எல்லாம் கணினித் திரையில்தானே, ஏடு எங்கே என்று கேட்பவர்கள், கைப்பேசியில் நாளேடு படிப்பவர்களாகத்தான் இருப்பார்கள்.