சைக்ளோகோஸ்மியா ட்ரங்காட்டா: தமிழில் என்ன பெயர்?

ஜார்ஜியா, அலபாமா, டென்னசி என அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில், ஓடைப் பள்ளத்தாக்குகளின் சரிவான மண்ணில் வளை தோண்டி வாழும் சிலந்தி இது. வளையின் வாயை மண்ணும் பட்டிழையும் சேர்த்துச் செய்த மூடியால் மூடிவைக்கும். அதிகம் பேர் கண்ணில் படாததற்கு அந்த மூடியே காரணம்.

1841-இல் சிலந்தி ஆய்வாளர் நிக்கோலஸ் மார்செல்லஸ் ஹென்ட்ஸ் இதை விவரித்து 'ட்ரங்காட்டா' என்று பெயரிட்டார். லத்தீனில் 'நுனி வெட்டப்பட்டது' என்று பொருள். பெரும்பாலான சிலந்திகளுக்கு வயிறு உருண்டு முடியும். இதற்கோ பின்னால் போகப்போக அகன்று, சட்டென்று தட்டையாக நின்றுவிடும். அந்தத் தட்டைப் பரப்பு ஒரு கெட்டியான வட்டத் தட்டு. அதில் வரிவரியாகப் பள்ளமும் மேடும், விளிம்பில் முட்கள். பார்த்தால் பழங்கால நாணயம் போலவே இருக்கும். பேரினப் பெயரிலும் அந்த வட்டம் உண்டு: கிரேக்கத்தில் 'கைக்ளோஸ்' வட்டம், 'கோஸ்மோஸ்' அலங்காரம்.

ஆனால் தட்டு அழகுக்காக இல்லை. எதிரி வந்தால் சிலந்தி தலை முன்னால் போக வளைக்குள் ஓடும். வளை அடியில் குறுகுவதால் தட்டு அங்கே கச்சிதமாகப் பொருந்தி வழியை அடைத்துவிடும். துரத்தி வந்த குளவிக்கு மென்மையான உடல் எட்டாது. உடலாலேயே வழியடைக்கும் இந்த உத்திக்கு 'ஃபிராக்மோசிஸ்' என்று பெயர். பூச்சியியலாளர் வில்லியம் மார்ட்டன் வீலர் 1927-இல் உருவாக்கிய சொல். மூலமான கிரேக்கச் சொல்லுக்கு வேலியிடுதல், அடைத்தல் என்று பொருள். தமிழிலும் வேலிக்கும் வழி மறிப்பதற்கும் 'அடைப்பு' என்றுதானே சொல்கிறோம்? 'உடலடைப்பு' போதும்.

அப்புறம், இப்படி மூடியிட்ட வளையில் வாழும் சிலந்திகளுக்கு ஆங்கிலத்தில் உள்ள 'ட்ராப்டோர்' சிலந்தி என்ற பெயரைப் 'பொறிக்கதவுச் சிலந்தி' என்று எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. கதவு எதையும் பிடிப்பதில்லை. அதன் பின்னால் காத்திருக்கும் சிலந்திதான் பாய்ந்து பிடிக்கிறது. நண்டு வளை, எலி வளை என்று நமக்குப் பழகிய சொல் இருக்கும்போது 'வளைமூடிச் சிலந்தி' என்பதே தெளிவு.

ட்ரங்காட்டாவுக்கு 'மொட்டைமுனை' பொருந்தும். ஆனால் புளோரிடாவின் டொரேயா, சீனாவின் ரிக்கெட்டி என்று இதன் உறவினங்களுக்கும் அதே தட்டு உண்டு. அதனால் 'மொட்டைமுனை வளைமூடிச் சிலந்தி' என்பதைப் பேரினத்துக்கே வைத்துவிடலாம். ஆங்கிலப் பொதுப்பெயர் இந்த இனத்தை அதன் பள்ளத்தாக்கை வைத்தே அழைக்கிறது. நாமும் 'ஓடைக்கரை மொட்டைமுனைச் சிலந்தி' என்போம்.