எடைமேடைக்கு ஒரு மூன்று விண்டோ திரை

மே, ஜூனில் கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளின் எடைமேடைகளில் பெங்களூரா ரக மாம்பழம் ஏற்றிய லாரிகள் வரிசை கட்டும். எடை போடுபவருக்கு ஒரே திரையில் மூன்று வேண்டும்: இண்டிகேட்டர் (மேடையின் எடைகாட்டும் கருவி) அனுப்பும் எடை, அன்றைய ரக விலை, வண்டி எண்ணைத் தட்ட ஒரு வரி. பழைய லினக்ஸ் கணினியும் எழுத்துத் திரையை விண்டோக்களாகப் பிரித்து வரையும் பைத்தானின் கர்சஸ் நூலகமும் இதற்குத் தாராளம்.

டெர்மினலின், அதாவது எழுத்துத் திரையின், வழக்கமான அளவு 24 வரி, 80 பத்தி. இடப்புறம் எடைக்கு 20 வரி, 50 பத்தி; வலப்புறம் விலைக்கு 20 வரி, 30 பத்தி; தட்டச்சுக்கு அடியில் 4 வரி, முழு அகலம். விண்டோ உருவாக்கும் ‘நியூவின்’ (newwin) அழைப்பில் உயரம், அகலம், தொடக்க வரி, தொடக்கப் பத்தி என்பதுதான் வரிசை. எக்ஸை, அதாவது கிடைமட்ட அளவை, முதலில் எழுதிப் பழகிய கை இங்கே இடறும். கட்டம் போட்டபின் எடை விண்டோவில் மிஞ்சுவது 18 வரி, 48 பத்தி. அதை டெர்வின் (derwin, விண்டோவுக்குள் உள்விண்டோ) மூலம் தனியே பிரித்து, உருள்வதை அதற்கு மட்டும் அனுமதிக்க வேண்டும். இல்லாவிட்டால் எடையோடு கட்டத்தின் கோடும் மேலேறிப் போய்விடும்.

வரைவது எளிது, காத்திருப்பதில்தான் வில்லங்கம். விசைக்காகக் காத்து நின்றால் எடை உறைந்துபோகும், எடைக்காக நின்றால் விசை எடுபடாது. இரண்டையும் ஓயாமல் மாறிமாறிக் கேட்டால் சிபியுவின் ஒரு கோர் முழுக்க அதிலேயே தீரும். ஆகவே பல உள்ளீடுகளுக்கு ஒரே இடத்தில் காத்திருக்க உதவும் பைத்தானின் செலக்டர்ஸ் தொகுதியில் விசைப்பலகை, இண்டிகேட்டர் இணைந்த சீரியல் போர்ட் இரண்டையும் தத்தம் ஃபங்ஷனோடு பதிந்துவிட்டு, 1 வினாடி கெடுவோடு செலக்டை அழைக்கிறோம். ஏதாவது வரும்வரை புரோகிராம் தூங்கும். வந்ததும் கெர்னல் எழுப்பும். ஆனால் இண்டிகேட்டர் இடைவிடாமல் எடை அனுப்பினால் அந்தக் கெடு ஒருபோதும் முடியாது, திரையிலுள்ள கடிகாரம் நின்றுவிடும். ஒவ்வொரு சுற்றிலும் மோனோடானிக் நேரத்தை (பின்னோக்கிப் போகாத கணினி நேரத்தை) பார்த்து, வினாடி கடந்திருந்தால் கடிகார வேலையைச் செய்வதே சரி. விலைக் கோப்பு மாறியதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.

சீரியல் போர்ட் வரிவரியாகத் தராது. 18420 என்ற எடை ஒரு வாசிப்பில் 184, அடுத்ததில் 20 என்று உடைந்து வரலாம். அப்படியே எடுத்தால் லாரி 184 கிலோ! வந்ததையெல்லாம் பஃபரில் (தற்காலிக நினைவிடத்தில்) சேர்த்து, வரி முடிவுக் குறி வந்தபின்தான் எண்ணாக்க வேண்டும். விசைப்பக்கத்தில் காத்திருக்காமல் திரும்பச் செய்யும் நோடிலே (nodelay) போட்டு, விசை ஏதுமில்லை என்னும் −1 வரும்வரை விசையை வாசிக்கும் கெட்ச் (getch) அழைக்க வேண்டும், ஏனெனில் கர்சஸ் சிலவற்றை உள்ளேயே வைத்திருக்கக்கூடும். அதையும் தட்டச்சு விண்டோவின் கெட்ச்சாகவே அழைக்க வேண்டும். முதன்மைத் திரையில் அழைத்தால் அது தன்னையே புதுப்பித்து மற்ற விண்டோக்களை அழித்துவிடலாம்.

எந்த ஃபங்ஷனிலும் ஸ்லீப் (நின்று காத்திருக்கும் கட்டளை) கூடாது. ரசீது அச்சிட 3 வினாடி நின்றால் திரையும் 3 வினாடி செத்துக் கிடக்கும். அச்சை வேறு புராசஸிடம் தள்ளுங்கள். மினுக்கல் இருந்தால் எல்லா விண்டோவுக்கும் திரையில் காட்டாமல் தயார்செய்யும் நவுட்ரெஃப்ரெஷ் (noutrefresh), கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும் ஒரே ஒரு டூஅப்டேட் (doupdate). மொத்தத்தையும் கர்சஸின் ராப்பர் (wrapper) என்ற ஃபங்ஷனுக்குள் ஓட்டினால் பிழை வந்தாலும் டெர்மினல் பழைய நிலைக்குத் திரும்பும்.

ரகப் பெயரைத் தமிழில் காட்டும்போது ஒரு கவனம். ‘செந்தூரா’வுக்குப் பைத்தான் நீளம் 8 என்று சொல்லும், திரையில் அது பிடிக்கும் பத்திகளோ டெர்மினலுக்கு டெர்மினல் மாறும். விலையை இடப்பக்கமும் பெயரை வரியின் கடைசியிலும் வைத்து, அந்த விண்டோவுக்கு வலக்கோடு போடாமல் விடுங்கள்.